அம்மம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போவோம்: டென்மார்க் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

டென்மார்க்கில் தமிழ்ப் பாடசாலைகளை நடத்திவரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கோடைச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்ற பேச்சு வழமைபோலத் தொடங்கிவிட்டது. ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கலும் உள்ள இடங்கள்தான் இந்த முறையும் முன்னுக்கு நிற்கின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒருமுறை, கோபன்ஹேகனுக்கு வடக்கே லிங்பியில் இருக்கும் ஃப்ரீலண்ட்ஸ்மூசேட் என்ற திறந்தவெளி மியூசியத்துக்குப் போவோம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். போகும்போது வீட்டில் இருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என் கோரிக்கையில் பாதி அதுதான்.

சென்ற யூலையில் என் அம்மாவையும் பத்து வயது மகளையும் அழைத்துப் போனேன். அம்மா தென்மராட்சியில் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். இங்கே வந்து முப்பது வருடமாகியும் டெனிஷ் கதைக்கக் கூச்சம். மியூசியம் என்றதும், "கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து எனக்கென்ன பிள்ளை" என்று தட்டிக்கழித்தார். ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன்.

நாங்கள் நுழைந்த முதல் வளவிலேயே நின்றுவிட்டார். முற்றத்தில் ஒரு கிணறு. பக்கத்தில் கவர் விட்ட மரத்தூண், அதன்மேல் குறுக்கே நீண்ட மரம், ஒரு நுனியில் வாளி தொங்குகிறது.

"இது துலா அல்லோ!"

மகளுக்கு அதன் டெனிஷ் பெயர் தெரியும். துலா என்ற சொல் தெரியாது. அம்மா விளக்கத் தொடங்கினார். ஆடுகால் எது, துலாக்கொடி எது, தோட்டத்துக்கு இறைக்கும்போது ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார், விடியப்புறம் அந்தக் கிறீச் சத்தத்தில்தான் கண் விழிப்போம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். மகள் துலாவின் பின்நுனியைக் காட்டி, இங்கே அந்தப் பக்கம் பாரமாக இருப்பதால் ஏறி மிதிக்கத் தேவையில்லை என்று அம்மம்மாவுக்குத் திருப்பிச் சொன்னாள். இருவரும் இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்ததை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கோபன்ஹேகனில் உள்ள டிவோலி கேளிக்கைப் பூங்காவின் இயக்குநராக இருந்த பெர்ன்ஹார்ட் ஓல்சன் என்பவர்தான் இதைத் தொடங்கியவர். கிராமத்துப் பழைய வீடுகள் அழிந்துகொண்டு போவதைப் பார்த்து, அவற்றைப் பலகை பலகையாகக் கழற்றிக் கொண்டுவந்து திரும்ப எழுப்பினார். 1897இல் கோபன்ஹேகன் அரச பூங்காவில் ஆரம்பித்து, 1901இல் லிங்பிக்கு மாற்றினார்கள். இன்றைக்கு ஏறத்தாழ 35 ஹெக்டேயர் நிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளும் பண்ணைகளும் ஆலைகளும் நிற்கின்றன. 1658இல் சுவீடனிடம் போன ஸ்கோனே பகுதி வீடும் அங்கே இருக்கிறது. 1864 போரில் இழந்த ஷ்லெஸ்விக் பகுதி வீடும் இருக்கிறது. காணி கைவிட்டுப் போனாலும் அந்த மண்ணின் வீட்டைக் கொண்டுவந்து காப்பாற்றியிருக்கிறார்கள். ஷெல் அடியில் இடிந்துபோன எங்கள் நாற்சார் வீட்டை அம்மா அங்கே வைத்துத்தான் எனக்கு முதல் தடவையாக அறை அறையாகச் சொன்னார். காரணம், டெனிஷ் பண்ணை வீடும் நாற்சார்தான். நடுவில் முற்றம், நாலு பக்கமும் கட்டடம். ஒரு பக்கம் ஆட்கள், மற்றப் பக்கங்களில் மாடு, குதிரை, தானியம்.

லேசோ தீவிலிருந்து வந்த வீட்டைத் தவறவிடாதீர்கள். அதன் கூரை கடற்புல். சும்மா பரப்பியது இல்லை, நல்ல தடிப்பில் பெரிய போர்வைபோல வீட்டை மூடியிருக்கிறது. அந்தத் தீவில் உப்புக் காய்ச்சக் காட்டையெல்லாம் வெட்டி எரித்துவிட்டார்கள். பிறகு உடைந்த கப்பல்களின் மரத்தில் வீடு கட்டினார்கள், கரையொதுங்கிய புல்லில் கூரை வேய்ந்தார்கள். ஆண்கள் கடலுக்குப் போய்விடுவதால் பயிர்ச்செய்கை பெண்கள் கையில். கூரை வேய்ந்ததும் அயல் பெண்கள் கூடித்தான். உப்பு ஊறிய புல் என்பதால் லேசில் உக்காது, தலைமுறை தலைமுறையாக நிற்கும். எங்கள் ஊரில் கிடுகு பின்னி வீடு மேய்கிற நாளில் அயலட்டை எல்லாம் வந்து நிற்கும் என்று அம்மா சொன்னதை மகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோடையில் பழைய காலத்து உடுப்போடு ஆட்கள் அங்கே வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண் வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். உயரமான ஒடுங்கிய மரப்பீப்பாய், மூடியில் ஓட்டை, அதற்குள்ளால் ஒரு தடி. அதை உலக்கைபோல மேலும் கீழும் குத்துகிறார்கள். "மத்தைச் சுத்திக் கடையிறதெல்லோ, இதென்ன குத்து" என்று அம்மா முணுமுணுத்தார். அந்தப் பெண் தடியை அம்மாவிடமே நீட்டினார். அம்மா குத்தினார். கொஞ்ச நேரத்தில் நிறுத்திக் காதைச் சாய்த்து, "சத்தம் மாறுது, திரளுது" என்றார். மகள் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். மஞ்சள் மணிகளாக வெண்ணெய் மிதந்தது.

அந்த வெண்ணெய்க்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை. 1788 வரைக்கும் இந்த நாட்டுக் குடியானவ ஆண்கள் பண்ணையாரின் நிலத்தை விட்டு நகர முடியாதபடி சட்டத்தால் கட்டப்பட்டிருந்தார்கள். கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாம் தினமும் கடந்துபோகும் அந்தத் தூண் அவர்களுடைய விடுதலைக்கு எழுப்பியதுதான். ஒரு நூற்றாண்டு கழித்து, வெளிநாட்டுத் தானியம் மலிவாக வந்து விலை விழுந்தபோது, அவர்கள் மாடு வளர்ப்புக்கு மாறினார்கள். 1882இல் யூட்லாந்தின் யெடிங் கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை. இந்தச் சங்கங்களில் ஐம்பது மாடு வைத்திருந்தவருக்கும் ஒரு வாக்கு, ஒரு மாடு வைத்திருந்தவருக்கும் ஒரு வாக்கு. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பனுக்கு வரிசையில் நின்ற எங்கள் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை.

சரி, பாடசாலைகளிடம் நான் கேட்பது இதுதான். டெனிஷ் வினாத்தாளைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று சேர்த்துவிடுங்கள். பொருளின் டெனிஷ் பெயரைப் பிள்ளை சொல்லட்டும், தமிழ்ப் பெயரைப் பெரியவர் சொல்லட்டும், இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதட்டும். நுகம், கொழு, திருகை, உறி, சுளகு எல்லாம் எங்கள் பாடப்புத்தகத்தில் வெறும் படங்களாகக் கிடக்கின்றன. அங்கே அவற்றையோ அவற்றைப்போன்ற டெனிஷ் பொருட்களையோ நேரில் பார்க்கலாம். பொருந்தாதவை வரும்போதுதான் கதை இன்னும் நல்லாக வரும்: அடுப்படியிலிருந்து விறகு தள்ள, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறையைச் சூடாக்கும் இரும்பு அடுப்புக்கு அம்மாவிடம் சொல் இல்லை. மகளும் அவரும் சேர்ந்து "சுவரடுப்பு" என்று வைத்துக்கொண்டார்கள்.

முழுவதையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம், முழங்கால் தாங்காது. நாலைந்து வீடுகள் போதும். சோர்கன்ஃப்ரி நிலையத்தில் எஸ் ரயிலால் இறங்கினால் நடக்கிற தூரம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் புல்லில் இருந்து சாப்பிடலாம். குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள், ஆகவே திகதியைப் பள்ளி விடுமுறைக்கு முன்னரே முடிவுசெய்யுங்கள். ஃபின் தீவில் இருப்பவர்களுக்கு ஓடென்சவில் ஃபின் கிராமமும், மேற்கு யூட்லாந்தில் இருப்பவர்களுக்கு யேர்ல் ஹெடவும் கிட்ட, அவையும் இதேபோலத்தான்.

நடக்கக் கஷ்டப்படும் பெரியவர்களை ஏற்றி இறக்க என் காரில் நாலு பேருக்கு இடமுண்டு. அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார், திரும்ப எப்போது போகிறோம் என்று.

அன்புடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்