பீலிக்கரையிலிருந்து வந்த படம்

பந்தலூர்
14.3.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடிவது நின்றுவிட்டது. சொட்டு மருந்து இன்னும் ஒரு வாரம் விடணும். எழுத்து மட்டும் இன்னும் அவருக்குத் தெளியவில்லை. பனி போகவில்லை, தேயிலைக் கொழுந்து குறைவுதான்.

இதை நோட்டுத் தாளில் எழுதி நானே போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். அண்ணனிடம் கொடுக்கவில்லை. பக்கம் மாறி வந்தால் குழம்பாதே, மேலே எண் போட்டிருக்கிறேன்.

நீ போன் செய்து ஒன்பது நாள் ஆகிறது. மலையில் சிக்னல் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இலங்கை சிம் பாதி இடத்தில் வேலை செய்யவில்லை என்று நீயே சொன்னாய். அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. சார்ஜ் போட மறக்காதே, அவ்வளவுதான். தங்கும் இடத்தில் எட்டுப் பேருக்கு ஒரு பிளக் என்றால் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போட்டுக்கொள்.

அப்புறம், கோச்சி வாசலில் நிற்காதே, ரயிலைத்தான் சொல்கிறேன். போன மாசம் அந்தப் பாதையில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வெளியே சாய்ந்து விழுந்து செத்துப்போனதாக அண்ணன் சொன்னான். அங்கே பாறை வாசல் கம்பிக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும். கதவைத் திறந்தே போட்டிருப்பார்கள், எல்லாரும் நிற்பார்கள், படம் எடுப்பார்கள். நீ நிற்காதே.

நீ கணக்குப் போட்டுப் போன விதத்தில் எனக்குப் பெருமைதான். விமானத்துக்குக் கொடுக்காமல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறையில் இறங்கினாய். ஒரு நாளைக்கு நம் காசில் 1,500 ரூபாய், அங்கே 5,000 சொச்சம், அதற்குள் படுக்கை, சாப்பாடு, பஸ் எல்லாம். காலையில் பாண் ரொட்டியும் பருப்பும், மத்தியானம் சோத்துப் பார்சல், அதிலேயே ராத்திரிக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்தேன் என்றாய். சிகிரியா மலைக்கு டாலரில் கேட்கிறார்கள் என்று, எதிரே இருக்கும் பிதுரங்கலவில் கொஞ்சக் காசுக்கு ஏறி, அங்கிருந்து சிகிரியாவையே முழுசாகப் பார்த்ததாகப் படம் அனுப்பினாய். அதை டிவிஷனில் எல்லோருக்கும் காட்டினேன். தனியாக ஒரு பெண் இப்படிப் போய் வருகிறாள் என்று கணக்கர் சம்சாரம்கூட வாயடைத்துப் போனாள்.

ஆனால் வேலையை விட்டதைக் கப்பல் ஏறிய பிறகு சொன்னது சரியில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்பதற்காகச் சொல்லாமல் விடுவதா? திரும்பி வந்து என்ன செய்யப் போகிறாய்? கேட்டால் பார்த்துக்கலாம் என்கிறாய். முப்பது வயசில் பார்த்துக்கலாம் என்று சொல்லக் கூடாது பாப்பா.

கண்டியில் ஒரு கட்டிலுக்கு ராத்திரி அந்த ஊர்க் காசில் 1,800 ரூபாய், ரொம்ப மலிவு என்று எழுதியிருந்தாய். மலிவுதான். அங்கே கொழுந்து எடுக்கிறவளுக்கு ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, அடிப்படைச் சம்பளம் 1,350 என்பதையும் மனசில் வைத்துக்கொள். மழை வந்து பாதியில் நிறுத்தினால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கையில் காசு கம்மியாக இருக்கும்போது பேரம் பேசச் சொல்லும், எனக்குத் தெரியும். முச்சக்கர வண்டிக்காரனிடம் பேசு, தங்கும் இடத்தில் பேசு. கோச்சியில் கூடையோடு ஏறி இறால் வடை விற்கிறவர்களிடம், ரோட்டோரத்தில் காய் வைத்திருக்கிற பொம்பளைகளிடம் இருபது ரூபாய்க்கு நிற்காதே. அந்த வடையைப் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் மடித்துத் தருகிறார்கள், யாரோ ஒரு பிள்ளையின் பெருக்கல் கணக்கு இருந்தது என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் 'பஹினவா' என்று சத்தமாகச் சொல். சின்னக் குரலில் சொன்னால் ரேடியோப் பாட்டில் கேட்காது. சிங்களத்தில் எனக்கு மிச்சம் இருப்பது பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான், அதில் இது ஒன்று. தம்பேதன்னைக்குப் போவதானால் அப்புத்தளையிலிருந்து தோட்டத்து ஆட்கள் போகும் பஸ் இருக்கிறது. பாக்டரி வரைக்கும் அதில் போய், மிச்சம் ஏழு கிலோமீட்டர் நடந்தால் லிப்டன் துரை உட்கார்ந்து பார்த்த இடம் வரும். வெள்ளனவே போ. பத்து மணிக்கு மேல் மூட்டம் ஏறிவிடும், ஒன்றும் தெரியாது. அந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள், பையைப் பக்கத்து சீட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், சோப்பைக் காலில் காய்ந்தபடி தேய்த்துக்கொண்டு நட. தண்ணீரைக் காய்ச்சியதாகக் குடி. மலையிலிருந்து குழாயில் கொட்டுகிற பீலித் தண்ணீர் தேன் மாதிரி இருக்கும், ஆனாலும் உனக்குப் பழக்கம் இல்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் நீ அனுப்பிய படத்தில் பீலி இருந்தது.

நீ ஒன்றும் எழுதவில்லை, படம் மட்டும் வந்தது. அந்தப் படிக்கட்டில் மூன்றாவது படி உடைந்திருக்கும். மேலே மாரியம்மன் கோயில், இடது பக்கம் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களம். லயத்து வரிசை வீடுகளுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். மற்றபடி எல்லாம் அப்படியே இருக்கிறது. ஐம்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது, நான் பார்த்தவுடனே உட்கார்ந்துவிட்டேன்.

போவதற்கு முன்னால் நாங்கள் இருந்த தோட்டத்துப் பேர் என்ன என்று கேட்டாய். மறந்துபோச்சு என்றேன். டிரங்குப் பெட்டியில், நாங்கள் இந்தியா வந்தபோதைய குடும்ப அட்டை வைத்திருந்த கவரை நேற்றுத்தான் எடுத்துப் பார்த்தேன், காலியாக இருந்தது. எடுத்ததற்கு நான் திட்டவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

எட்டு கிலோப் பையோடு இலங்கை முழுக்கச் சுற்றுகிறேன் என்று சொன்னபோது பாட்டியை நினைத்துக்கொண்டேன். பாட்டி இரண்டு பெட்டி, பாய் மூட்டை, கூடவே அந்தக் குழவி. அம்மியைத் தூக்க முடியாது என்று குழவியை மட்டும் எடுத்து வந்தாள். 74-இல் பஞ்சம். மாவுக்குக் கூப்பனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன், என் முறை வரும்போது தீர்ந்துவிடும். அந்த வருஷம் இந்தியாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் போனால் போதும் என்றுதான் போனார்கள்.

நீ படம் அனுப்பிய ஒன்பது வளைவுப் பாலத்தை நான் பார்த்ததே இல்லை. அது எல்ல பக்கம், நாங்கள் அப்புத்தளையில் ஏறி அதற்கு எதிர்ப் பக்கமாகப் போனோம். பட்டிப்பொல 6,200 அடிக்கு மேல், பகலிலேயே நடுங்கும். தாத்தா கம்பளியை எங்கள் மூன்று பேருக்கும் போர்த்திவிட்டு அவர் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நானுஓயா, அட்டன், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒப்பாரி வைத்தார்கள். பொல்காவலையில் மாறி, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி. தலைமன்னாரில் கடலைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை நின்றது, நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. பத்து வயசு.

அப்புத்தளையில் என் அக்கா, உன் பெரியம்மா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோச்சியோடு ஓடி வந்தார்கள். வயிற்றில் பிள்ளை, ஆறு மாசம். பெரியப்பா வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, நமக்கு இந்தியப் பிரஜாவுரிமை. ஓடாதே ஓடாதே என்று பாட்டி உள்ளே இருந்து கத்தினாள். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் கையை விட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், வாசலில் நிற்காதே.

அப்பா தினமும் கேட்கிறார், பாப்பா என்ன சொன்னாள் என்று. முதல் நாலு நாள் சிக்னல் இல்லை என்றேன். அப்புறம் அவர் ராத்திரியில் எழுந்து உட்கார ஆரம்பித்தார். திங்கட்கிழமை நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நீ அனுப்பியதாக வாசித்தேன். 'அப்பா, நான் நன்றாக இருக்கிறேன், இங்கே குளிர் நம் ஊர் மாதிரிதான், கண்ணுக்கு மருந்து விடுங்கள்.' ஒரு எழுத்துத் தடுக்காமல் வாசித்தேன். அவர் சிரித்துவிட்டுப் படுத்தார். இரண்டு நாள் கழித்து இன்னொன்று வாசித்தேன்.

வாசித்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன், கை நடுங்கியது. பாப்பா, இது எனக்குப் பழகிய வேலை. இதை உன்னிடம் எழுத வேண்டாம் என்றுதான் முதல் பக்கத்திலிருந்து வேறு வேறு விஷயமாக எழுதிக்கொண்டு வருகிறேன்.

தாத்தாவுக்கும் பாட்டிக்கும் படிப்பு இல்லை. மாமாக்கள் இரண்டு பேரும் மூன்றாவதோடு நின்றவர்கள். வீட்டில் கடுதாசி வாசிப்பதும் எழுதுவதும் நான்தான். பெரியம்மா நீலக் கடுதாசி போடுவார்கள், இரண்டு மாசத்துக்கு ஒன்று. வேலை முடிந்து வந்து எல்லோரும் சுற்றி உட்காருவார்கள், நான் விளக்கடியில் வாசிப்பேன். பாட்டி இன்னொரு தரம் என்பாள்.

83 கலவரம் முடிந்து ஆவணியில் ஒரு கடுதாசி வந்தது. பதுளையில் கடைகளை எல்லாம் எரித்துவிட்டார்கள், லயத்துக்கு வருவார்கள் என்று மூன்று ராத்திரி தேயிலைக்குள்ளேயே படுத்திருந்தோம் என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்தேன். பாட்டி மார்பில் அடித்துக்கொண்டாள். அதற்குக் கீழே நாலு வரி இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. அதற்கும் கீழே 'எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று இருந்தது, அதை வாசித்து மடித்துவிட்டேன்.

அந்தக் கடுதாசி என்னிடம்தான் இருக்கிறது. அந்த நாலு வரியை இங்கே எழுதுகிறேன்:

'பெரியவளை மட்டும் கொஞ்ச நாள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஐப்பசியில் கப்பல் ஏறுகிறார்கள், அவர்களோடு அனுப்பிவிடுகிறேன். ஒன்பது வயசு, சின்ன வேலையெல்லாம் செய்வாள். அதிகம் சாப்பிட மாட்டாள்.'

எனக்கு அப்போது பத்தொன்பது. தையில் கல்யாணம் என்று பேச்சு. ஒரே அறைக் காம்பரா, ஐந்து பேர். இந்தப் பிள்ளையும் வந்தால் தாத்தா கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார், மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். வேறு காரணம் எதையும் இத்தனை வருஷத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

'இங்கே எல்லோரும் நலம், நீங்கள் தைரியமாக இருங்கள்' என்று பதில் போட்டேன். கார்த்திகையில் இன்னொன்று வந்தது, போன கடுதாசி கிடைத்ததா என்று கேட்டு. அதைப் பிரிக்கிறபோது வீட்டில் யாரும் இல்லை. 84-க்குப் பிறகு கப்பலும் நின்றுவிட்டது. அப்புறம் பெரியம்மா எழுதவே இல்லை. மூத்தவள் ஏன் கடுதாசி போடவில்லை என்று பாட்டி சாகும்வரை கேட்டாள். தபால் சரியில்லை என்பேன்.

நீ இதையெல்லாம் என்னிடமிருந்து முதலில் கேட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் சொன்னதுதான் சரி. ஒன்றே ஒன்றை மட்டும் நீ அவர்களிடம் சொல்ல வேண்டும். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தாத்தா அந்த வாரமே ராமேஸ்வரம் போய்க் கரையில் நின்றிருப்பார். தாத்தா பாட்டி மேல் கோபம் இருந்தால் அது என் பேரில் வரவேண்டியது. இதைத் தமிழில் நிறுத்திச் சொல், இரண்டு தரம் சொல், வயசானவர்களுக்குக் காது கேட்காமல் இருக்கலாம்.

காசு தீர்ந்துபோனால் சொல். சீட்டுப் பணம் எடுத்தது 12,000 இருக்கிறது, அண்ணனை அனுப்பச் சொல்கிறேன். கட்டிலுக்குக் காசு மிச்சம் பிடிக்க லயத்தில் யார் வீட்டிலாவது தங்கினால் வெறும் கையோடு போகாதே. சீனி, பருப்பு, பால்மா, பிள்ளைகள் இருந்தால் கொப்பி வாங்கிக்கொண்டு போ. அவர்கள் வேண்டாம் என்பார்கள், அடுப்படியில் வைத்துவிட்டு வா. கம்பளி ஜாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தாலும் நான் கேட்க மாட்டேன்.

என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் இப்போதைக்குப் பேச வேண்டாம். அப்பாவுக்கு ஒரு வரி அனுப்பு, சாப்பிட்டேன் என்றாவது. அதை அண்ணன் போனுக்கு அனுப்பு. இனிமேல் அவன் வாசிக்கட்டும்.

விசா முப்பது நாள்தான், தேதியைப் பார்த்துக்கொள். காய்ச்சிய தண்ணீர் குடி. வாசலில் நிற்காதே.

குடும்ப அட்டையை நனையாமல் பிளாஸ்டிக் கவரில் வை. அதில் ஒட்டியிருக்கும் படத்தில் பாட்டியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். யாராவது கேட்டால் காட்டு.

அம்மா