ட்ராக் டேவுக்குப் பணம் கட்டிய நண்பனுக்கு

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. மகளுக்கு ஊரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததும், அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும் மனத்துக்கு மிகவும் நிறைவாக இருந்தன. இங்கே அனைவரும் நலம். நீ கடிதத்தின் முடிவில், ஏதோ சின்ன விஷயம் போல, அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் ட்ராக் டேவுக்கு, அதாவது சொந்த பைக்கைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகும் நாளுக்கு, பணம் கட்டிவிட்டதாக எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ போவது எனக்கு மகிழ்ச்சியே. ஈ.சி.ஆரில் விடியற்காலையில் வேகம் பார்க்கும் பையன்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. வேகம் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதற்கென்று அமைத்த தடத்தில்தான் பார்க்கவேண்டும். நம் அப்பாக்கள் காலத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்தார்கள். 1990 முதல் நமக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளத்தில் முறையான தடம் இருக்கிறது. எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, ஒவ்வொரு வளைவிலும் மார்ஷல்கள் கொடியோடு நிற்பார்கள், ஆம்புலன்ஸ் அங்கேயே தயாராக இருக்கும். ஆனால் இத்தனை ஏற்பாடுகளும் இருப்பதனாலேயே, சாலையில் இயல்பாக நமக்குள் இருக்கும் அச்சம் அங்கே மெல்ல மெல்லக் கழன்றுவிடுகிறது. 2023 ஆகஸ்டில் இதே தடத்தில், பந்தயத்தில் விழுந்து 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தது உனக்கு நினைவிருக்கும். அது போட்டி, நீ போவது பயிற்சி என்பது உண்மைதான். ஆயினும் விழுந்தவனுக்குப் பின்னால் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும் என்பது இரண்டுக்கும் பொது.

உடுப்பில் கஞ்சத்தனம் காட்டாதே. ஜாக்கெட்டும் ஜீன்ஸும் போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதே. ஒரே உடையாகத் தைத்த லெதர் சூட், குறைந்தபட்சம் இடுப்பில் முழுச்சுற்று ஜிப் உள்ள இரட்டை சூட், கணுக்காலை இறுகப் பிடிக்கும் பூட்ஸ், மணிக்கட்டுக்கு மேல் வரும் கையுறை ஆகியவை வேண்டும். சூட்டோடு முதுகில் வரும் வெறும் நுரைத்துண்டை நம்பாமல் தனியாக பேக் புரொடெக்டர் என்னும் முதுகுக் கவசம் வாங்கிக்கொள். அதில் லெவல் 1, லெவல் 2 என்று எழுதியிருக்கும். ஐரோப்பியத் தரப்படி, ஒரே அளவு அடியில் முதுகுக்குள் சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குமேல் விசையைக் கடத்தக்கூடாது என்பது லெவல் 1, 9-க்குமேல் கூடாது என்பது லெவல் 2. பாதிக்குப் பாதி வித்தியாசம் என்பதால் லெவல் 2 தான் வாங்கவேண்டும்.

ஹெல்மெட் முழு முகத்தையும் மூடுவதாகவும், கிளிப் இல்லாமல் இரட்டை வளையத்தில் பட்டையைக் கோத்து இறுக்குவதாகவும் இருக்கட்டும். பட்டையைப் பூட்டிய பிறகு, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லி, பின்புறம் கீழ்விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாக உருட்டி இழுத்துப் பார்க்கச் சொல். நெற்றியைத் தாண்டிக் கழன்று வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது உன் தலைக்கு உரியது இல்லை.

வண்டியைப் பொறுத்தவரை, பெரும்பாலானவர்கள் எஞ்சினைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் பிரேக் பேடையும் டயரையும் கூலன்ட்டையும்தான் பார்க்கச் சொல்வேன். எஞ்சினைக் குளிர்விக்கக் கடையில் கிடைக்கும் கூலன்ட்டில் கிளைகால் (glycol) என்னும் வேதிப்பொருள் கலந்திருக்கும். அது தடத்தில் சிந்தினால் எண்ணெய் போல வழுக்குவதோடு கழுவினாலும் எளிதில் போகாது என்பதால், அதை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டு வரச் சொல்லும் இடங்கள் உண்டு. உன் வண்டி சிந்தினால் விழப்போகிறவர் உனக்குப் பின்னால் வருகிறவர். எஞ்சின் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கம்பியால் கட்டச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகளை வண்டியிலிருந்து கழற்று, முகப்பு விளக்கின் மேல் டேப் ஒட்டு. டயரின் காற்றழுத்தத்தைக் காலையில் ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு செஷனும், அதாவது தடத்தில் ஓட்டும் ஒவ்வொரு முறையும், முடிந்து தடத்தோரம் வண்டி நிறுத்தும் இடமான பிட்டுக்கு வந்த உடனே, சூடு இருக்கும்போதே பார். அளவுக்குமேல் சூடேறினால் அழுத்தம் கூடிப் பிடிப்பு குறையும். முதல் இரண்டு சுற்றுகளில் டயர் சூடாகியிருக்காது, அப்போதும் பிடிப்பு குறைவுதான் என்பதையும் மறக்காதே.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 100-லிருந்து 120 ஆக வேகம் கூடினால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் 44 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. எனவே ஒரு சுற்றில் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகப் பிடித்துப் பார்ப்போம் என்று தோன்றினால், அந்தக் கொஞ்சத்தை ஓரிரு மீட்டராக வைத்துக்கொள். அப்படியும் வேகம் கூடுதலாக வளைவுக்குள் நுழைந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். நம் கை இயல்பாகச் செய்வது ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விட்டுவிட்டு முன் பிரேக்கை அழுத்துவது, கண் செய்வது தடத்தின் வெளிவிளிம்பையே பார்ப்பது. வண்டி கண் போன பக்கமே போகும். வளைவு முடியும் இடத்தைப் பார், இன்னும் கொஞ்சம் சாய். நம்மைப் போன்றவர்களின் துணிச்சல் தீர்ந்துபோகும் இடத்தில் டயரின் பிடிப்பு பெரும்பாலும் இன்னும் மிச்சமிருக்கும். முடியவே முடியாது, புல்தரைக்குத்தான் போகிறோம் என்றால் வண்டியை நிமிர்த்தி நேராகப் போ. அங்கே முன் பிரேக்கைத் தொடாதே.

விழுந்துவிட்டால் சறுக்கி முழுதாக நிற்கும்வரை எழ முயலாதே. சறுக்கிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதாகத் தோன்றி எழுந்து உருண்டவர்கள் ஏராளம். நின்றபின் வண்டியை நோக்கிப் போகாமல், மார்ஷல் காட்டும் பக்கம் தடுப்புக்குப் பின்னால் போய்விடு. தலை தரையில் இடித்திருந்தால், ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றினாலும் அன்று மறுபடி ஏறக்கூடாது. அந்த ஹெல்மெட்டையும் அத்தோடு விட்டுவிடவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது பிற்பகலைத்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வெயிலில் லெதருக்குள் ஒருவன் எவ்வளவு வியர்வை இழக்கிறான் என்பது வெளியே தெரியாது. மூன்று மணிக்கு மேல் வளைவுகள் மனப்பாடமாகியிருக்கும், தன்னம்பிக்கை உச்சத்தில் இருக்கும், முன்கைகளும் தொடைகளும் மட்டும் சோர்ந்திருக்கும். அந்த நேரத்தில், காலையில் தன்னைத் தாண்டிப்போன ஒருவரைத் துரத்திக்கொண்டு போய், சி-1 என்னும் முதல் வளைவில் பிரேக்கைப் பிடிக்கப் பிந்தி விழுந்த ஒரு நண்பரை நான் பிட் சுவருக்கு இப்பாலிருந்து பார்த்திருக்கிறேன். காரை எலும்பு முறிந்தது; அன்று காலை முழுவதும் அவர்தான் எல்லோரையும்விட நிதானமாக ஓட்டினார். ஆகவே செஷன்களுக்கு இடையே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடி. வளைவின் உள்விளிம்பை ஒட்டிச் செல்லவேண்டிய புள்ளியான ஏபெக்ஸை இரண்டு முறை தொடர்ந்து தவறவிட்டால் கையை உயர்த்திக் காட்டிவிட்டு பிட்டுக்குள் வந்துவிடு. கடைசி செஷனுக்கும் பணம் கட்டியாகிவிட்டது என்பது ஏறுவதற்குக் காரணம் ஆகாது.

இன்னொன்று, உன் வண்டிக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படி. நம் நாட்டு வாகனப் பத்திரங்களில் பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகள் விலக்கப்பட்டிருக்கும். தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் இத்தகைய விலக்கு இருக்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. கலாவிடம் இதை மறைக்காதே. அன்று அவசரத் தொடர்பு எண்ணாக நீ எழுதிக்கொடுக்கப் போவது அவளுடைய எண்ணைத்தான்.

சூட் இன்னும் வாங்கவில்லை என்றால் உன் மார்பு, இடுப்பு, உள்கால் அளவுகளை உடனே எழுது. இங்கே தெரிந்த தையற்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மூன்று வாரம் தேவைப்படும். அன்று நானும் வருகிறேன். முந்தைய நாளே ரயிலேறி வந்து எங்கள் வீட்டில் தங்கி நன்றாகத் தூங்கு.

அன்புடன்,
முருகேசன்