சுவரோரம் நிற்பவருக்கும் அதே மார்க்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களின் திரைப்பட ஆய்வுத் தாளுக்கான குழு செமினாரில் மார்க் போடும் முறை பற்றி எழுதுகிறேன். ஐந்து பேர் முன்னால் வருவார்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் ஸ்லைடு தள்ளுவார், மூவர் சுவரோரம் நிற்பார்கள். முடிவில் ஐவருக்கும் 20-க்கு 16. சுவர் ஒன்றுதான் பாக்கி!

குழுவுக்கு நான்கு பேர் போதும். 20 மதிப்பெண்ணில் 8 குழுவுக்கு, 12 தனி ஆளுக்கு என்று பிரிக்கலாம். தனி ஆளுக்கான 12-ல் பாதி ஷாட் தாளுக்கு, மீதி கேள்விக்கு. ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஓடுவது ஒரு ஷாட்; காட்சியை அப்படிப் பிரித்து எழுதுவதே ஷாட் தாள்.

முழுப் படத்தையும் கொடுத்தால் இயக்குநரின் வாழ்க்கை வரலாறும் வசூல் கணக்கும்தான் வரும். இரண்டரை நிமிடக் காட்சி ஒன்றைக் கொடுங்கள். நால்வரும் அதே காட்சிக்குத் தனித்தனியே, கையால், ஷாட் தாள் எழுதி முதல் நாளே தர வேண்டும்: ஷாட் எண், தொடங்கும் நொடி, குளோசப்பா லாங்கா, கேமரா அசைவு, வெளிச்சம் வரும் பக்கம், ஒலி. கேமரா உனக்கு, எடிட்டிங் எனக்கு என்று பங்கு போடவிட்டால் ஒருவர் பகுதி மற்றவருக்குத் தெரியாது. 150 நொடியில் 30 ஷாட் என்றால் சராசரி 5 நொடி. 22 என்று எழுதியவர், வசனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழும் வெட்டுகளைக் கவனிக்கவில்லை. இன்னொருவர் தாளைப் பார்த்து எழுதியிருந்தால் அதே பிழை அதே வரிசையில் இருக்கும்.

கிளிப்பையும் சோதிக்க வேண்டும். பாடலே இல்லாமல் 1954-இல் வந்த 'அந்த நாள்' போன்ற பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரம். அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிய பிரதி கிடைத்தால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். அதை வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் இடம் விடாததால் பாத்திரம் நெருக்கடியில் இருக்கிறது என்று மாணவர் விளக்கினால், அது எடுத்தவர் செய்த வேலை அல்ல, பிரதி போட்டவர் செய்தது. ஜன்னலைத் திறந்துவைத்து இருள் ஒளியமைப்பைப் பேசுவதும் வீண். ஸ்லைடில் வீடியோ ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கோப்பு வேறு யாருடைய லேப்டாப்பிலோ இருக்கும், ஸ்லைடில் இணைப்பு மட்டும் இருக்கும். ஒரே பென்டிரைவில் இரண்டையும் சேர்த்து வாங்கி முன்பே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வியை, அந்தப் பகுதியைப் பேசாதவரிடம் கேட்க வேண்டும். "14-ஆம் ஷாட்டை எடுத்துவிட்டால் என்ன கெடும்?" என்பது போல. மனப்பாடம் இங்கே உதவாது.

குழுவுக்குள் யார் உழைத்தார்கள் என்பதை அவர்களையே கேட்கலாம். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் 30 புள்ளிகளைப் பிரித்து, ஒரு வரிக் காரணத்தோடு மூடிய தாளில் தரட்டும். காரணம் கேட்காவிட்டால் நட்புக்காக எல்லாருக்கும் பத்துப் பத்தாகவே வரும். இதை வைத்துக் குழு மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு கூட்டிக் குறைப்பதே சரி. அதற்கு மேல் போனால் பழிவாங்கல் ஆகிவிடும்.

நேரக் கணக்கும் உண்டு. 60 மாணவர் என்றால் 15 குழு. பேச 12 நிமிடம், கேள்விக்கு 8. 50 நிமிட வகுப்பில் இரண்டு குழுதான் முடியும், ஆக எட்டு வகுப்பு. பருவத் தொடக்கத்திலேயே கால அட்டவணையில் இதை ஒதுக்காத துறைகளில்தான் கடைசி ஐந்து குழுக்களை ஒரே மதியத்தில் ஓட்டி, கேள்வியே கேட்காமல் மார்க் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
காட்சித் தொடர்பியல் ஆசிரியர், கோவை