அம்பாசடருக்கு ஒரு தம்பி

ஆபிங்டன்
இங்கிலாந்து
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க, அம்மா, பாட்டி எல்லாரும் சௌக்கியமா? பாட்டிக்கு முட்டி வலி குறைஞ்சுதா? எனக்கு இந்த வாரத்தோட நைட் ஷிஃப்ட் முடிஞ்சுது. குளிரும் கொஞ்சம் விட்டிருக்கு. உங்களுக்குன்னே ஒரு சேதி சேர்த்து வச்சிருக்கேன், அதைச் சொல்லிடறேன்.

போன அக்டோபர்ல நாங்க மூணு பேர் காசு போட்டு ஒரு பழைய எம்.ஜி.பி கார் வாங்கினோம். ரெண்டே சீட்டு, மேல துணிக்கூரை, 1969 மாடல். 1962-லேர்ந்து 1980 வரைக்கும் இந்த ஆபிங்டன்லதான் அந்த வண்டியைச் செஞ்சாங்க. எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் வெல்டிங் பார்ப்பார். என்கூட வேலை பார்க்கிற மலையாளத்துப் பொண்ணு பெயின்ட் வேலையை எடுத்துக்கிட்டா. இன்ஜின் என் பொறுப்பு.

ஏன் என் பொறுப்புன்னா, பானெட்டைத் தூக்கின அன்னிக்கு நான் அப்படியே நின்னுட்டேன் அப்பா. ஒரு பக்கம் கார்புரேட்டரும் மேனிஃபோல்டும், மறுபக்கம் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும். அம்மாப்பேட்டை பட்டறையில உங்களுக்கு டார்ச் பிடிச்சுக்கிட்டு நான் பார்த்த அதே இன்ஜின்! விசாரிச்சா, ரெண்டும் பி.எம்.சிங்கிற பழைய இங்கிலாந்து கார் கம்பெனியோட பி-சீரிஸ். நம்ம அம்பாசடர்ல இருந்தது 1489 சி.சி, இது 1798. நம்மளதுல கிராங்க் 3 பேரிங்ல ஓடும், இதுல 5. மத்தபடி ஒரே வயித்துப் பிள்ளைங்க. பிளக் பொறி விடற ஃபயரிங் ஆர்டர் கூட அதே 1-3-4-2. பிளக் ஒயரை யாரையும் கேக்காம நானே மாட்டினேன். பக்கத்து வீட்டுத் தாத்தா, அந்த ஃபேக்டரியிலேயே வேலை பார்த்தவர், "யார் சொல்லிக் கொடுத்தா?"ன்னு கேட்டார். சேலத்துல எங்கப்பான்னு சொன்னேன். இந்த இன்ஜின் இந்தியாவுல அத்தனை வருஷம் டாக்சியில ஓடின கதையைச் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கல.

ஒரு விஷயத்துல ஏமாந்துட்டேன். பழைய வண்டி பார்க்கப் போனா பட்டி பூசின இடத்துல ஒட்டாதுன்னு நீங்க சட்டைப் பையில காந்தம் வச்சிருப்பீங்களே, நான் அதைக் கொண்டு போகல. துருவே இல்லன்னு சொல்லி வித்தாங்க. வீட்டுக்கு வந்து கதவுக்குக் கீழ இருக்கிற சில்லை ஸ்க்ரூ டிரைவரால குத்தினா, பட்டி பெயர்ந்து ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. இங்க குளிர்காலத்துல ரோட்டுல ஐஸ் பிடிக்காம இருக்க உப்பு தூவறாங்க. அந்த உப்புத்தண்ணி அடியில புகுந்து தகரத்தை அரிச்சுடுது.

அம்பாசடர் மாதிரியே இதுக்கும் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் மொத்த பாரத்தையும் தாங்குது. அதனால சில்லை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்கே குழாய் வெல்ட் வச்சுக்கணும். முதல் பக்கத்துக்கு ஒரே குழாய்தான் வச்சோம், அது பத்தல. வெட்டிட்டு கதவை மூடிப் பார்த்தா பூட்டு சேரல. வண்டி நடுவுல தொய்ஞ்சு, கதவோட மேல் இடுக்கு பேப்பர் கூட நுழையாத அளவுக்கு ஒட்டிக்கிச்சு, கீழ விரல் போகுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அண்ணன்தான், "அவசரப்படாதை பிள்ளை, கதவு தன்பாட்டில மூடட்டும், பிறகுதான் வெல்டிங்"னார். நடுவுல ஜாக்கி கொடுத்து, மயிரிழை மயிரிழையா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் கதவை மூடி மூடிப் பார்த்தோம். ரெண்டு சனிக்கிழமை போச்சு. கடைசியில ஒரு விரல்ல தள்ளினதுக்கு 'க்ளிக்'னு மூடிச்சு பாருங்க, அந்தச் சத்தத்துக்கு நாங்க மூணு பேரும் கை தட்டினோம். (மணிக்கட்டுல ஒரு தீப்பொறி பட்டது ஆறிடுச்சு. அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்.)

சாமான் எல்லாம் புதுசாவே கிடைக்குது. கூலிதான் இங்க யானை விலை. அதனால வாத்தியார், டாக்டர்னு பார்க்காம நிறைய பேர் வீட்டு ஷெட்லயே வேலை செஞ்சுக்கிறாங்க. 40 வருஷம் தாண்டின வண்டிக்கு ரோடு வரியும் கிடையாது.

நேத்து இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு. ஆனா ஐடிலிங் நிக்க மாட்டேங்குது, குலுங்குது. நம்ம வண்டியில ஒரு எஸ்.யு கார்புரேட்டர், இதுல ரெண்டு. கார்புரேட்டருக்குள்ள இருக்கிற பிஸ்டனை விரலால தூக்கி விட்டேன், நீங்க சொன்ன மாதிரி ரெண்டுமே 'டக்'னு விழுது. அப்போ பெட்ரோல் வர்ற ஜெட் நடுவுலதான் இருக்கு. தாத்தா ஒரு ரப்பர் ட்யூபைக் கொடுத்து, ஒரு முனையைக் காதுலயும் மறுமுனையை கார்புரேட்டர் வாயிலயும் வச்சுக் கேக்கச் சொன்னார். ரெண்டுலயும் காத்து இழுக்கிற சத்தம் ஒண்ணா இருக்கணுமாம். எனக்கு முன்னாடி இருக்கிறது கொஞ்சம் பலமா கேக்குது, ஆனா உறுதியாச் சொல்ல முடியல.

ஏற்காடு மலையில 20 கொண்டை ஊசி வளைவையும் ஏத்தறப்ப, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த நிறுத்தின இடத்துல, நீளமான ஸ்க்ரூ டிரைவரை இன்ஜின் மேல வச்சு பிடியைக் காதுல வச்சுக் கேப்பீங்க. அந்தக் காது எனக்கு இப்ப வேணும் அப்பா. வர்ற ஞாயித்துக்கிழமை உங்க நேரம் சாயங்காலம் 5 மணிக்குக் கூப்பிடறேன். போனை முதல்ல முன் கார்புரேட்டர்கிட்ட, அப்புறம் பின்னாடி இருக்கிறதுகிட்ட பிடிக்கிறேன். ஃபேனை நிறுத்திட்டு, பட்டறைக் கதவைச் சாத்திட்டுக் கேளுங்க.

உங்கள் அன்பு மகள்