பச்சைக் குழந்தையின் இரவுகளில் துணை நின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மகள் பிறந்த நாள் முதல், அவளை இரவில் உறங்க வைக்க நான் பட்ட பாட்டை உங்களில் பலர் அருகிருந்து பார்த்தீர்கள். அவள் ஏன் உறங்கவில்லை என்பதை எனக்குப் புரிய வைத்து, அந்தப் புரிதலால் என் அச்சத்தையும் தீர்த்தவர்களுக்கு நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரான மருத்துவமாதுக்கு உரியது. மழையில் வழுக்கும் படிகளில் ஏறி வீடு தேடி வந்த அவர், பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணித்தியாலம் வரை உறங்கினாலும் அதைச் சிறு சிறு துண்டுகளாகவே உறங்கும் என்றும், வயிறு சிறியது, தாய்ப்பாலும் விரைவில் செரித்துவிடும் என்பதால் ஒரு நாளில் 8 முதல் 12 தடவை வரை பால் கேட்கும் என்றும், இரவு பகல் அறியும் உடற்கடிகாரம் இரண்டு மூன்று மாதங்களில்தான் உருப்பெறத் தொடங்கும் என்றும் பொறுமையாக விளக்கினார். பகலில் கதவைத் திறந்து வெளிச்சம் படவிடுங்கள், பேசுங்கள். இரவில் விளக்கைத் தணித்து, பேச்சில்லாமல் பால் கொடுங்கள் என்றார். குழந்தையின் கை கால் சில்லிட்டிருப்பதைக் கண்டு நான் கம்பளியை அடுக்க முனைந்தபோது, தம் விரல்களை அவள் பிடரியில் வைத்துப் பார்த்துவிட்டு, என் விரலையும் அங்கே வைக்கச் செய்தார். பிடரி இளஞ்சூடாக இருந்தது. அதுவே போதும் என்றார். சமதளமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும், முகத்தருகே தலையணையோ தளர்ந்த துணியோ இருக்கக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு வருகையிலும் வலியுறுத்தினார்.

ஒருநாள் அவர் பாயில் அமர்ந்திருந்தபோது, குழந்தை முகம் சுளித்து, முனகி, கையை உதறியது. நான் தூக்கப் போனேன். "கொஞ்சம் பொறுங்க டீச்சர், இன்னும் முழிக்கல" என்று என் கையைப் பிடித்தார். மூடிய இமைக்குள் விழிகள் அசைந்தன, உதட்டைச் சப்பிக்கொண்டாள், மறுபடி அயர்ந்துவிட்டாள். பச்சைக் குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி இத்தகைய அசைவுள்ள உறக்கம்தான் என்பதை அன்று கண்ணால் கண்டேன். கேட்டறிந்த எல்லாவற்றையும்விட என் இரவுகளை இலகுவாக்கியது இதுவே.

அடுத்து என் அத்தைக்கு. குழந்தை வீறிட்ட மாலைகளில் ஓம நீரும் தேனும் கொடுக்கச் சொல்லிப் பெரியவர்கள் பலர் அன்போடு வற்புறுத்தினார்கள். தம் பிள்ளைகளைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய் வளர்த்த அனுபவம் உள்ளவராக இருந்தும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்ற அறிவுரையை அவரே முன்னின்று காத்தார். இந்த மாலை அழுகை ஆறாவது வாரமளவில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியும் என்று அறிந்ததும், அந்த நேரங்களில் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தாலாட்டும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டு, என்னை உறங்க அனுப்பினார். தாய்க்குக் கிடைக்கும் அந்த ஒரு மணித்தியால உறக்கம், என் எண்ணத்தில், எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

காம்பரா எனும் சிறு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரை எழும்பவில்லை. ஒரு காம்பராவில் குழந்தை அழுதால் வரிசையே விழித்துக்கொள்ளும். விடிந்ததும் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், நாள் முழுவதும் கூடையைச் சுமந்து மலையேற வேண்டிய லயத்து அயலவர்களாகிய நீங்கள், ஒரு நாளும் முகம் கோணவில்லை. நள்ளிரவில் சுவருக்கு அப்பாலிருந்து "புள்ளைக்கு என்னம்மா, வரவா?" என்று கேட்ட பக்கத்துக் காம்பரா அக்காவின் குரல் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர் அறிய வேண்டும். லயத்துக் குடும்பங்களுக்குத் தனி வீடு வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயத்தை, உங்கள் உறக்கமும் கலைந்த இந்த இரவுகளில் முன்னெப்போதையும்விட ஆழமாக உணர்ந்தேன்.

பிரசவ விடுமுறையில் என் வகுப்புகளைப் பகிர்ந்துகொண்ட சக ஆசிரியர்களுக்கும், தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த களைப்போடு விடியற்காலையில் குழந்தையை ஏந்திக்கொண்ட என் கணவருக்கும் என் நன்றி.

மேல் லயத்துத் தங்கை ஒருத்திக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. மாலை வேளைகளில் அவள் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள நானும் அத்தையும் வருவோம் என்பதை அவள் குடும்பத்தாருக்கு இம்மடல் வழியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி