போஸ்ட் டாக் ஆய்வுக்கு இரண்டு ஆண்டு போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாக்டீரியா புரதத்தால் செய்த செயற்கை நியூரான், அதாவது நரம்பு செல்லைப் போல இயங்கும் சாதனம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லூரியில் நீண்ட காலம் நுண்ணுயிரியல் கற்பித்தவள் நான். அந்தப் புரதத்தைத் தரும் பாக்டீரியாவான ஜியோபாக்டரின் பெயரைத் தமிழ் அச்சில் பார்த்ததே பெரிய மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை இரண்டு வெவ்வேறு ஆராய்ச்சிகளை ஒன்றாகக் கலந்துவிட்டது. அதைவிட வருத்தம், இந்த வேலைக்குப் பிடித்த காலத்தைப் பற்றியும் முனைவர் பட்டத்துக்குப் பின் போஸ்ட் டாக் ஆய்வாக இதைச் செய்கிற இளம் ஆய்வாளர்களைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லாதது.

மெல்போர்னில் உள்ள கார்ட்டிகல் லேப்ஸ் குழு, சுமார் 8 லட்சம் நரம்பு செல்களை மின்முனைகள் மேல் வளர்த்து ‘பாங்’ என்ற பழைய வீடியோ கேமை ஆட வைத்ததை 2022இல் வெளியிட்டது. அவை உயிருள்ள செல்கள். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜுன் யாவ் குழு 2025இல் வெளியிட்ட நியூரானுக்கு உயிர் கிடையாது. பாக்டீரியா உருவாக்கும் புரத நானோ இழைகளைக் கொண்டு செய்த மின்னணுச் சாதனம் அது.

அதன் சிறப்பு மின்னழுத்தத்தில் இருக்கிறது. நம் நரம்பு செல்லின் துடிப்பு ஏறக்குறைய 0.1 வோல்ட். முந்தைய செயற்கை நியூரான்களுக்கு இதைப்போல் 10 மடங்கு மின்னழுத்தமும் 100 மடங்கு மின்திறனும் தேவைப்பட்டன என்று அந்தக் குழு சொல்கிறது. அதனால் உடலின் சிக்னலை நேராக வாங்கிக்கொள்ள அவற்றால் முடியாது. நடுவே அதைப் பெருக்கித் தர ஒரு சுற்று வேண்டும். யாவ் குழுவின் நியூரான் அந்த 0.1 வோல்ட்டிலேயே இயங்குகிறது. உயிருள்ள செல்களோடு இணைத்தும் காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு அடித்தளம், அவர்களே 2020இல் செய்த மெம்ரிஸ்டர். தன் வழியே முன்பு பாய்ந்த மின்சாரத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றிக்கொள்ளும் உறுப்பு அது. அதனுள் வெள்ளி அயனிகள் எலெக்ட்ரானை ஏற்று உலோகமாகப் படிந்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய பாலம் கட்டும். புரத இழை அந்த வேலையை எளிதாக்குவதால் 40 முதல் 100 மில்லிவோல்ட் (0.04 முதல் 0.1 வோல்ட்) போதுமானதாகிவிட்டது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சுவாசிப்பதற்காக, எலெக்ட்ரானை வெளியே இருக்கும் இரும்புத் தாதுவுக்குத் தள்ளிவிடும் பாக்டீரியா ஜியோபாக்டர். அதன் புரதம் இந்த வேலைக்குப் பொருந்தியதில் எனக்கு வியப்பில்லை.

ஜியோபாக்டர் குடும்பத்தின் முதல் பாக்டீரியாவை நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லி அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டறிந்தது 1987இல். அதன் இழை மின்சாரம் கடத்தும் என்று அவர் குழு எழுதியது 2005இல். இழை எதனால் ஆனது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. பிலின் என்ற புரதத்தால் ஆனது என்பது லவ்லி குழுவின் முடிவு. லவ்லியோடு ஆய்வு செய்து, பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் அமைத்த நிகில் மால்வன்கர், 2019இல் வேறொரு குழுவோடு சேர்ந்து, அந்த இழைகள் எலெக்ட்ரானைக் கடத்தும் சைட்டோகுரோம் என்ற வேறு புரதங்கள் கோத்த சங்கிலி என்று காட்டினார். லவ்லி அதை முழுமையாக ஏற்கவில்லை. ஓர் ஆய்வகத்தில் வளர்ந்தவரே அதன் முடிவைக் கேள்வி கேட்க முடிந்ததே, அதை மாணவர்கள் படிக்க வேண்டாமா?

இத்தகைய துறையில் நுண்ணுயிரியல் படித்தவர் தூசி புகாத சுத்த அறையில் மின்முனை படிய வைக்கக் கற்க வேண்டும். மின்னணுவியல் படித்தவர் ஆக்சிஜன் புகாமல் பாக்டீரியா வளர்க்கக் கற்க வேண்டும். அதைக் கற்கும் காலம்தான் போஸ்ட் டாக். நம் நாட்டில் தேசிய போஸ்ட் டாக்டோரல் உதவித்தொகை 2 ஆண்டுக்குத்தான். பொதுவான வயது வரம்பு 35. என் மாணவி ஒருத்தி இப்படி ஒரு பணியில் சேர்ந்தாள். புரதப் படலம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோடையில் செய்த சாதனமும் மழைக்காலத்தில் செய்ததும் ஒரே மாதிரி நடக்கவில்லை. அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதற்குள் காலம் முடிந்துவிட்டது. அவள் கைப்பக்குவமும் குறிப்பேடுகளும் அடுத்தவருக்குப் போய்ச் சேரவே இல்லை. இப்போது அவள் மருந்து நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனை செய்கிறாள். திறமைக் குறைவால் அல்ல என்பதை அவளுக்குப் பாடம் சொன்னவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இரண்டு துறைகளை இணைக்கும் ஆய்வுக்காவது உதவித்தொகையை 4 ஆண்டாக்க வேண்டும். இந்த உதவித்தொகையை வழங்கும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இதைப் பரிசீலிக்கலாம். தாங்களும் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, பேராசிரியர் பெயரோடு நின்றுவிடாமல் ஆய்வுக் கட்டுரையில் முதல் ஆசிரியராகப் பெயர் வரும் ஆய்வாளர் யார், எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியை,
காரைக்குடி