பாதி வழியில் பாடத்திட்டத்தை மாற்றலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. போன வாரம் பிறைக்கு வந்தவள் பாடத்திட்டத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மஞ்சள் கோடு போட்ட மூன்று பாடங்களைக் காட்டினாள். விருப்பப் பாடமாக இருந்த தமிழும் அதில் ஒன்று. "இதெல்லாம் இனிமேல் இல்லையாம்பா" என்றாள்.

நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும், ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 40 மணி நேரம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்று கைநழுவினால் அதற்கு ஈடாக வேறொன்றைத் தேட வேண்டும், நேர அட்டவணை ஒத்துவராவிட்டால் இன்னொரு செமஸ்டர், இன்னும் சில மாத அறை வாடகை. பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் தனி!

சரி, பல்கலைக்கழகத்தின் கல்வி விஷயங்களை முடிவு செய்யும் செனட் குழு பாடத்திட்டத்தை மாற்றட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிய விதி புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் என்ன? அப்புறம், ஒரு பாடத்தை நிறுத்துவதை ஒரு வருடம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லலாமே.

மகள் டீனுக்கு மலாயில் முறையீடு எழுதிப் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

ஒரு தகப்பன்,
பிறை, பினாங்கு